அப்பாவிடம் நோயை மறைப்பது சரியா? இந்த இடத்தில் தத்துவம் எதற்காவது உதவுமா?

நொய்யல் கேட்டது:

அப்பாவுக்கு 71 வயது. சில மாதங்களாகச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, எடை குறைந்துகொண்டே வந்தது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்துப் பார்த்ததில் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று போன வாரம் தெரிந்தது. தெரிந்தது எங்களுக்கு, அப்பாவுக்கு இல்லை. டாக்டர் என்னையும் சித்தப்பாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார், அப்பா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்த உடனேயே சித்தப்பா முந்திக்கொண்டு "குடல்ல புண்ணுதாண்ணா, மருந்துல சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா, அக்கா, மாமா, நான் எல்லாருமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. "அண்ணனுக்குத் தெரிஞ்சா நோய் கொல்றதுக்கு முன்னாடி பயம் கொன்னுரும்" என்று அழுதுகொண்டே சொல்கிறார். ஆனால் அப்பா வாழ்நாள் முழுக்க நூல் வியாபாரம் பார்த்தவர், எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிற ஆள். நேற்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "புண்ணுக்கு எதுக்குடா நெஞ்சுல குழாய் வெச்சு மருந்து ஏத்தணும்ங்கறாங்க?" என்று கேட்டார். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வியாழக்கிழமை கீமோ தொடங்க வேண்டும்.

எனக்கு வேலை கணக்குப் பிரிவில், தத்துவம் ஆர்வத்தில் படிப்பது. பல வருடமாகப் படிக்கிறேன், இந்தத் தத்துவக் குழுவிலும் இருப்பு, பிரக்ஞை, சுதந்திர சித்தம் என்று எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். மனைவி கேட்டாள், "இவ்வளவு படிக்கிறீங்களே, மாமாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு அதுல ஏதாவது இருக்கா?" குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். மனசாட்சிப்படி நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம், அது காலையில் ஒன்று சொல்கிறது, ராத்திரி வேறொன்று சொல்கிறது.

ஏரிக்கரை எழுதியது:

நண்பரே, படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்களிடம் நாள் அதிகம் இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அதில் பல கேள்விகள் பின்னிக் கிடப்பதாகத் தெரிகிறது. பொய் சொல்வது எப்போதுமே தவறா, தெரிந்த எல்லாவற்றையும் சொல்லியே தீர வேண்டுமா, அப்பாவுக்கு எது நல்லது என்று யார் முடிவு செய்வது, அந்த முடிவில் நம்முடைய பயம் எவ்வளவு கலந்திருக்கிறது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்தால் சிலவற்றுக்காவது பதில் கிடைக்கும். தத்துவம் செய்கிற உதவி என்று நான் நம்புவது இந்த வேலையைத்தான்.

உங்கள் வீட்டில் யாராவது குறளைச் சொல்வார்கள், இதுவரை சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். "பொய்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்", 292ஆவது குறள். நல்லதுக்காகப் பொய் சொல்லலாம் என்று வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று இதை ஊரே எடுத்து வீசுகிறது. ஆனால் அவர் வைத்திருக்கும் நிபந்தனையைப் பாருங்கள், அந்தப் பொய்யால் வரும் நன்மையில் ஒரு குற்றமும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பொய் இந்த நிபந்தனையைத் தாண்டுமா? அப்பாவுக்குச் சில நாள் நிம்மதி கிடைக்கிறது, அது நன்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம், எதற்கு என்றே தெரியாமல் கீமோவுக்குச் சம்மதிக்கப் போகிறார். யாரையாவது போய்ப் பார்க்க வேண்டும், கொடுக்கல் வாங்கலை முடிக்க வேண்டும், ஒரு பழைய மனஸ்தாபத்தைத் தீர்க்க வேண்டும் என்றெல்லாம் அவருக்கு இருக்கலாம், அதற்கான நாட்கள் அவருக்குத் தெரியாமலே போகின்றன. நடுவில் அவராகவே கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதை நம்புவார்? 'இன்று நன்றாக இருக்கிறீர்கள் அப்பா' என்று உண்மையாகச் சொன்னாலும் நம்ப மாட்டார். என் கணக்கில் இது குற்றமில்லாத நன்மை ஆகவில்லை. அடுத்த குறள், 293, "தன்நெஞ்சு அறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்". இரண்டையும் வள்ளுவர் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார், மேற்கோள் காட்டுகிறவர்கள் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எதிர்முனையில் நிற்பவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், உங்கள் நண்பரைக் கொல்லத் துரத்தி வருகிறவன் கதவைத் தட்டி அவர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால் அவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏற்காதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அவருடைய இன்னொரு பக்கம் உங்களுக்கு உதவும். 1766இல் மோசஸ் மெண்டல்சோன் என்ற இன்னொரு தத்துவஞானிக்கு எழுதிய கடிதத்தில், தான் உறுதியாக நம்பும் பலவற்றை வெளியே சொல்லத் துணிவில்லாமல் போகலாம், ஆனால் நம்பாத எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். அதாவது சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. "குடல் புண்" என்பது பொய். "நிறைய விஷயம் இருக்குப்பா, உங்களுக்கு எவ்வளவு தெரியணுமோ அவ்வளவு சொல்றேன்" என்பது பொய் இல்லை. இன்று ராத்திரி அப்பா மறுபடி கேட்டால் முதலில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு யோசிக்கலாம்.

மருதாணி எழுதியது:

நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். தத்துவம் படித்ததில்லை அண்ணா, பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரும்பாலான நோயாளிகளுக்குத் தெரிந்துவிடும். கீமோ வார்டுக்குள் வந்து பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசினால் போதும். அதன் பிறகு வீட்டில் எல்லாரும் நடிக்க, அவரும் நடிக்கிறார். மகன் காபி வாங்கப் போன நேரத்தில் என்னிடம் "எனக்கு என்னன்னு தெரியும்மா, பையன் தாங்க மாட்டான், அவன்கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிராத" என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. வெளியே வந்தால் மகன் என்னிடம் அதையே அப்பாவைப் பற்றிச் சொல்வார். பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக அழுவதைப் பார்ப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே கஷ்டம்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஆறு படிகளாகக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஸ்பைக்ஸ் என்று பெயர், 2000இல் வந்தது. அதில் விஷயத்தைச் சொல்வது நான்காவது படிதான். அமைதியான இடம் பார்த்து உட்கார வேண்டும், பிறகு அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் சொல்வது. "எனக்கு எதுவும் வேண்டாம், பையன்கிட்ட பேசிக்கோங்க" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. சொல்லியே ஆக வேண்டும் என்று நாங்கள் யாரையும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

உங்கள் அப்பா குழாய் எதற்கு என்று கேட்டதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, அவர் பாதி தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்.

தாமிரபரணி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தை நான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். நாங்கள் சொல்லவில்லை. அம்மா ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்கினாள், கடைசி வாரம் வரை அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஏமாற்றப்பட்டுச் செத்தாள் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏரிக்கரை, நீங்கள் 'யார் முடிவு செய்வது' என்று கேட்கும்போதே, முடிவு என்றால் ஓர் ஆள் தனியாக எடுப்பது என்று வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். அப்படித் தனியாக முடிவெடுக்கும் ஆள் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஒரு வகையான தத்துவத்தில் உருவானவர். என் அம்மா அப்படி வாழவே இல்லை. ஒரு புடவை எடுக்கக்கூட அத்தையையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போவாள், தன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வைத்தியத்தை எல்லாம் அவள்தான் முடிவு செய்தாள். அவளுக்கு நாங்கள் செய்ததும் அதுதான். எங்கள் வீட்டில் ஒருவர் சுமக்க முடியாததை மற்றவர்கள் பிரித்துச் சுமப்பது வழக்கம், நோய்ச் செய்தியையும் அப்படித்தான் சுமந்தோம். இதற்குப் பின்னாலும் ஒரு தத்துவம் இருக்கிறது, யாரும் புத்தகமாக எழுதாததால் அது தத்துவம் இல்லை என்று ஆகிவிடாது.

நம் நாட்டு மருத்துவ நெறிமுறையே இதற்கு இடம் கொடுக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில், நோயின் தீவிரத்தை மருத்துவர் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் அந்த விவரம் நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பருக்கோ, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எது நல்லதோ அந்த அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும் என்றும் இருக்கிறது. குடும்பத்தைச் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

நொய்யல் தம்பி, உன் சித்தப்பாவைக் கோழை என்றோ பொய்யர் என்றோ நினைத்துவிடாதே. எனக்கு அவர் புரிகிறார்.

சுவடி எழுதியது:

தாமிரபரணி அக்கா எழுதியது இந்த இழையில் ரொம்ப முக்கியமானது. தத்துவம் என்றால் பட்டப்படிப்பும் தடித்த புத்தகமும் என்று நினைக்கிறோம், உண்மையில் மனிதன் என்றால் யார், யாருக்கு யார் மேல் என்ன உரிமை என்பதற்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படாத ஒரு பதில் இருக்கிறது, அதை வைத்துத்தான் மருத்துவமனை வராந்தாவில் நின்று முடிவெடுக்கிறார்கள். அக்கா அந்தப் பதிலை எடுத்து வெளியே வைத்துவிட்டார், இனி அதைப் பற்றிப் பேசலாம்.

ஆனால் இதைக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1961இல் அமெரிக்காவில், சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் ஓக்கன் என்பவர் மருத்துவர்களிடம் விசாரித்தார். புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்று 90 சதவீதம் பேர் சொன்னார்கள். கான்ட்டைப் பாடமாக வைத்திருக்கும் நாட்டில்! 1979இல் வேறொரு குழு ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்டபோது சொல்வதையே விரும்புகிறோம் என்றார்கள் 97 சதவீதம் பேர். பதினெட்டு வருடத்தில் ஒரு தொழிலே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. நடுவில் சிகிச்சைகள் முன்னேறியது ஒரு காரணம், நோயாளியின் உரிமையைப் பற்றிய வாதங்கள் பேராசிரியர்களின் அறையிலிருந்து நீதிமன்றத்துக்கும் வார்டுக்கும் வந்தது இன்னொரு காரணம். நொய்யலின் மனைவி கேட்டதற்கு இதுவும் ஒரு பதில். 'இந்த உடம்பு யாருடையது' என்று யாரோ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இன்று சம்மதப் படிவம் என்ற ஒன்று நம் கைக்கு வருகிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2008இல், மயக்கத்தில் இருந்த மகளின் அறுவை சிகிச்சைக்கு அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது, அவர் விழித்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அம்மா பாசத்தில்தான் கொடுத்தார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்கா காட்டிய 2002 விதி குடும்பத்துக்குச் சொல்ல இடம் தருகிறது, நோயாளி கேட்டால் பொய் சொல்ல இடம் தரவில்லை.

இந்த மண்ணிலிருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நிகாயத்தில் அபய ராஜகுமாரன் புத்தரிடம் வருகிறான், மற்றவர்களுக்குப் பிடிக்காத, கசக்கும் சொல்லை நீங்கள் பேசுவீர்களா என்று கேட்கிறான். அவன் மடியில் ஒரு குழந்தை இருக்கிறது. இந்தக் குழந்தை கல்லையோ குச்சியையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தை மேல் எனக்கு இரக்கம் இருக்கிறதே என்கிறான். அங்கிருந்து புத்தர் தன் வரிசையைச் சொல்கிறார். உண்மை இல்லாததைப் பேசுவதில்லை. உண்மையாக இருந்தாலும் பயனில்லாததைப் பேசுவதில்லை. உண்மையும் பயனும் இருந்தால், அது கேட்பவருக்குக் கசந்தாலும் இனித்தாலும், அதற்கான நேரம் அறிந்து பேசுவது. இதில் நேரம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சொல்வதா வேண்டாமா என்பதிலேயே நாம் எல்லாரும் முட்டிக்கொண்டிருக்கிறோம், எப்போது, யார் வாயால், எவ்வளவு என்பதற்கு யோசனையே மிச்சம் இருப்பதில்லை.

அக்கா, உங்கள் அம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவருடைய முடிவாக இருந்திருக்கலாம், நீங்கள் அதை மதித்தீர்கள். நொய்யலின் அப்பா கேட்டுவிட்டார். எனக்கு எல்லாம் அந்த இடத்தில்தான் மாறுகிறது.

தெரிந்துகொண்டால் பயமே கொன்றுவிடும் என்கிறார் சித்தப்பா. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமுக்கு 1775இல் வயிற்றில் நோய் தொடங்கியது, தீராது என்று அவருக்குத் தெரியும். 1776 ஏப்ரலில் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதி முடித்தார், வெளியிடாமல் வைத்திருந்த நூலைத் திருத்தினார், அது வெளிவருவதற்கு உயிலில் ஏற்பாடு செய்தார், ஆகஸ்டில் எடின்பரோவில் இறந்தார். ஒரு நாள் அவருடைய மருத்துவர், நீங்கள் தேறி வருவதாக உங்கள் நண்பரிடம் சொல்கிறேன் என்றார். அதற்கு ஹியூம், உண்மையைத் தவிர வேறெதையும் சொல்ல நீங்கள் விரும்ப மாட்டீர்கள், அதனால் என் எதிரிகள் யாராவது இருந்தால் அவர்கள் விரும்பும் வேகத்திலும், என் நெருங்கிய நண்பர்கள் விரும்பும் அளவுக்கு நிம்மதியாகவும் இறந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாராம். அவருடைய நண்பரான பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதை ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். எல்லாரும் ஹியூம் ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் தெரிந்ததால்தான் அந்தச் சில மாதங்கள் அவர் கையில் இருந்தன. உங்கள் அப்பா கணக்கைச் சரிபார்த்து முடிக்கிற ஆள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

கேட்டுவிட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது வேறுதான். ஆனால் தம்பி, வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமல் நீ மட்டும் போய்ச் சொல்லிவிடாதே. நாளைக்கு அப்பா இல்லாமல் போனால், நீ சொன்னதால்தான் சீக்கிரம் போனார் என்று சொல்லிவிடுவார்கள், அந்தப் பேச்சு போகவே போகாது. அம்மாவை முதலில் சேர்த்துக்கொள்.

நொய்யல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திரும்பத் திரும்பப் படித்தேன், மனைவியையும் படிக்கச் சொன்னேன்.

நேற்று சித்தப்பாவிடம் பேசினேன். குறளைச் சொன்னார், ஏரிக்கரை சொன்னபடியே! அடுத்த குறளை நான் சொல்லவில்லை, சொன்னால் அவரைச் சுடுவதற்காகச் சொன்னது போல் ஆகிவிடும். "அப்பா என்கிட்ட நேரா கேட்டுட்டாரு சித்தப்பா, இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா அவரு கேக்காததை நானாப் போயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எனக்குத்தாண்டா பயமா இருக்கு" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை.

அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அக்கா அழுகிறாள், ஆனால் தடுக்கவில்லை. மருதாணி, உங்களிடம் ஒரு கேள்வி. டாக்டர் சொல்வது நல்லதா, நான் சொல்வது நல்லதா? வியாழக்கிழமை காலையில்தான் டாக்டரைப் பார்க்கிறோம், அன்றைக்கே கீமோவும்.

மருதாணி எழுதியது:

அன்றைக்கே வேண்டாம் அண்ணா. சம்மதப் படிவத்தில் நோயின் பெயர் இருக்கும், அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் அதை முதன்முதலாகப் படிக்கக் கூடாது. நாளைக்கே போன் பண்ணி, வியாழனுக்கு முந்தின நாள் காலையில் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். ஓபி கூட்டத்துக்கு நடுவில் பேச முடியாது, எல்லாரும் போன பிறகு ஒரு இருபது நிமிடம் வேண்டும் என்று சொல்லியே கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். விவரத்தை டாக்டர் சொல்லட்டும், அடுத்து என்ன மருந்து, என்ன செய்யலாம் என்று அப்பா கேட்பதற்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும். நீங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே உட்கார வேண்டாம். அம்மா வர மறுத்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அதிகம் பேசப்போவது அம்மாவிடம்தான். போகிற வழியில் அப்பாவிடம் "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டுருங்கப்பா, நானும் கூட இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே போய் அவர் கேட்டால் கேட்கட்டும். கேட்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தால், எனக்கு வேண்டாம் நீ பார்த்துக்கொள் என்கிறாரா, கேட்கப் பயமாக இருக்கிறது என்கிறாரா என்று உங்களுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாமல் போகாது.

உங்கள் ஊரில் வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்றும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீமோ நடக்கும்போதே அவர்களும் பார்க்கலாம், கடைசியில்தான் போக வேண்டும் என்று இல்லை.